நாரைக்கு ஒரு நாற்காலி

"ஆசிரியரம்மா, என் கட்டுரையில பிழை எங்கே இருக்குன்னு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு காட்டினாப் போதும். நான் பேசாம எழுந்து போயிடறேன்."

வயிரவன் இதைச் சொல்லிக்கொண்டேதான் மாடிப்படி ஏறி வந்தார். கையில் நாலைந்து தாள். மேல் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் இருந்தது.

எப்போது?

அவ்வளவுதான். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒற்றுப்பிழைக்குக்கூட ஒரு சுழி இல்லை.

இதே சொல் வருவது இது முதல் தடவையும் அல்ல. முதலில் வந்தபோது, கட்டுரையை எப்போது எழுதினீர்கள் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, 'போன வாரம்' என்று அடியில் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தது. சரி, எந்த இதழில் போடலாம் என்று கேட்கிறாராக்கும் என்று, 'பொங்கல் இதழில் போடலாம்' என்று எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

ஜுலைகா தலையைத் தூக்கவில்லை. வேறு யாருடைய கட்டுரையிலோ ஒரு நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க சார். பிழை இருக்குன்னு நான் சொல்லலையே."

"அப்போ போட்டுடுங்க."

"அதையும் சொல்லலையே."

*

இந்த இரண்டு பேரையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை சிம்மக்கல்லில், சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே 'விசைப்பலகை' என்று ஒரு கணினி மாத இதழ் நடக்கிறது. கணினியைப் பற்றித் தமிழில் எழுதினால் அதையும் வாங்கிப் படிக்கிற ஜனம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் விடாப்பிடியான ஜனம்.

ஜுலைகா அந்த இதழின் ஆசிரியர். முப்பத்தைந்து வயசு. பேச்சு கம்மி. ஒரு சொல் போதும் என்கிற இடத்தில் இரண்டாவது சொல்லை அவரிடமிருந்து வாங்க முடியாது.

வயிரவனுக்கு ஐம்பது. காரைக்குடிக்காரர். கணினிக்கு நிரல் எழுதியே தலை நரைத்தவர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்தார். அதற்கே ஒரு மனசு வேண்டும். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் இவர் முடித்துவைப்பார். பெரும்பாலும் தப்பாக.

அவர் எழுதியது நாரையைப் பற்றி. பறவை இல்லை. நாரை என்பது ஒரு நிரல்மொழி, அதாவது கணினிக்கு வேலை சொல்ல ஏற்பட்ட மொழி. பழைய மொழி. ஒரு காலத்தில் ஊரில் பாதி ஆபீஸ் நாரையில்தான் ஓடியது. புதுசு புதுசாக எத்தனையோ மொழிகள் வந்துவிட்டன. ஆனாலும் இன்றைக்கும் பல இடங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதை எரிக்க வேண்டும் என்பதுதான் வயிரவன் கட்டுரையின் சாரம். நாரையில் எழுதுகிறவனுக்கு அறிவில்லை, எழுதச் சொல்கிறவனுக்கு அதுவும் இல்லை, என்கிற ரீதியில் போகும். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதியிருந்தார். படித்தால் நமக்கே நாரை மேல் கோபம் வரும்.

*

அவருக்கு என்ன அவ்வளவு காட்டம் என்று கேட்பீர்கள். நியாயமான காட்டம்தான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சித் தேர்வு ஒன்றின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை வயிரவனுக்கு வந்தது. நாரையில்தான் நிரல் எழுதினார். நன்றாக ஓடியது. ஒரு நாள் இரண்டு பேர் இரண்டு கணினியில் உட்கார்ந்து, ஒரே கோப்பைத் திறந்து மார்க் போட்டிருக்கிறார்கள். ஒருவர் சேமித்தார். அப்புறம் மற்றவர் சேமித்தார். பின்னால் சேமித்தது முன்னால் சேமித்ததை அப்படியே அழித்துவிட்டது.

நாரை ஒரு சத்தம் போடவில்லை. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை.

ஒரு தேர்வுக்கூடத்தின் மார்க் முழுக்கப் போய்விட்டது. விடைத்தாள் கையில் இருந்ததால் மறுபடி ஏற்றிவிட்டார்கள். முடிவு தாமதமாக வந்தது, ஆனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

வயிரவனுக்குத்தான் நஷ்டம். 'மார்க்கை முழுங்கின வயிரவன்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. தேவகோட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. அவருடைய சொந்த அம்மான், மாப்பிள்ளை வீட்டாரிடம் அவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். பாயசம் வருவதற்கு முன்னாலேயே வயிரவன் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் நாரையை உண்டாக்கியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். எழுதினார் என்ன, திட்டினார். அடியில் தன் பெயரைப் போட அவருக்கே வெட்கமாக இருந்தது. 'ஒரு காரைக்குடிக்காரன்' என்று மட்டும் போட்டார். ஆபீஸ் முகவரியிலிருந்து அனுப்பினார். அந்த வாரமே அந்த ஆபீசை விட்டு, ஊரை விட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினார்.

அதற்கப்புறம் நாரை இருக்கிற திசையில்கூட அவர் திரும்பவில்லை.

ஒன்றை மட்டும் கூடவே வைத்திருந்தார். அன்றைய மடிக்கணினி. அதில் அன்றைய நாரை. எந்த மாற்றமும் உள்ளே போய்விடக் கூடாது என்று அதை அவர் ஒருநாளும் இணையத்தில் இணைக்கவில்லை. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கரண்டி போகாமல் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார். அதற்கு 'சாட்சி' என்று பெயர்கூட வைத்திருந்தார்.

இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் போதும், தப்பு யார் மேல் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தப் பந்தியில் சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் படிப்பார்கள் என்று நினைத்தார். பாதிப் பேர் இன்று உயிரோடு இருக்கிறார்களோ என்னவோ. அதை அவர் யோசிக்கவில்லை.

*

"எப்போதுன்னா என்ன அர்த்தம் ஆசிரியரம்மா? அதையாவது சொல்லிடுங்க."

ஜுலைகா பேனாவை மூடினார்.

"வெள்ளிக்கிழமை நாற்காலி போட்டுடலாம் சார்."

வயிரவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

'விசைப்பலகை'யில் ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப காலத்துக்கு முன்னால், இன்ன பிரிண்டர் காகிதத்தைக் கடித்துத் துப்புகிறது என்று இதழில் எழுதிவிட்டார்கள். மறுநாள் அதை விற்கிற கடைக்காரர் பிரிண்டரைத் தலையில் சுமந்துகொண்டு படி ஏறி வந்தார். மேஜை மேல் இறக்கினார். அது பாட்டுக்குப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியது, ஒரு காகிதம்கூட மாட்டவில்லை. ஆபீசில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்றைக்கு ஏற்பட்டதுதான் இந்த நாற்காலி. எதைக் குறை சொன்னாலும் சரி, அதை வைத்துக் காலம் தள்ளுகிற ஒருவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பார்கள். கட்டுரையைப் படிப்பார்கள். எழுதின குறை அங்கேயே, அவர் முன்னாலேயே நடந்து காட்ட வேண்டும். நடந்தால் அச்சு. நடக்காவிட்டால் இல்லை.

வயிரவன் சந்தோஷமாகப் படி இறங்கினார். சாட்சிதான் கையில் இருக்கிறதே. அவருக்கு என்ன கவலை?

*

வெள்ளிக்கிழமை காலையில் நாற்காலிக்கு வந்தவர் செண்பகவல்லி. விருதுநகர். அங்கே ஒரு ரத்த வங்கியில் எந்தப் பிரிவு ரத்தம் எத்தனை பை இருக்கிறது, எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது என்பதையெல்லாம் கணக்கு வைக்கிற நிரலை நாரையில் எழுதிப் பராமரிக்கிறவர். கையில் ஒரு மடிக்கணினியும் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலமும் கொண்டு வந்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்து மேஜை நடுவில் வைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நான்தான் நாரை. ஆரம்பிங்க அண்ணாச்சி."

வயிரவன் படித்தார். கணீரென்று படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் செண்பகவல்லி சிரித்தே விட்டார். திட்டு அவ்வளவு ருசியாக இருந்தது.

படித்து முடித்ததும், "எல்லாம் சரி அண்ணாச்சி, ஆனா இப்போ இருக்கிற குறை என்னன்னா..." என்று செண்பகவல்லி ஆரம்பித்தார்.

"இருங்க. அதெல்லாம் இல்லைன்னு சொல்லப் போறீங்க. நடத்தியே காட்டிடறேன்."

அவர் அதைச் சொல்ல வரவில்லை. வயிரவனுக்கு அதைக் கேட்க நேரம் இல்லை.

சாட்சியை எடுத்து மின்சாரத்தில் செருகினார். அதன் மின்கலம் செத்துப் பல வருஷம் ஆகிறது, செருகினால்தான் உயிர் வரும். இருமிக்கொண்டே எழுந்தது.

தமிழில் ஒரு பெயரைக் கொடுத்தார். நாரை அதை வரிசையாகக் கேள்விக்குறியாகத் திருப்பித் தந்தது. நிரலில் வருகிற ஒரு பெயரில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டார். நாரை ஒன்றும் சொல்லாமல் தப்பான விடையைத் தந்தது. காலி இடத்தைக் கொடுத்தார். அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது. கடைசியாக ஒரே கோப்பை இரண்டு பக்கமிருந்து திறந்து, இங்கே சேமித்து, அங்கே சேமித்தார். முதலில் போட்டது போன இடம் தெரியவில்லை.

எழுதியது ஒன்று விடாமல் நடந்தது. வயிரவன் காராச்சேவை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

செண்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ, இதை எங்கே வச்சிருந்தீங்க அண்ணாச்சி? காலேஜ் முதல் வருஷத்துல பார்த்தது. இன்னும் இருக்குதா?"

"இருக்கு. ஆசிரியரம்மா, பார்த்தீங்கல்ல? குறை நடந்துடுச்சு. வழக்கப்படி கட்டுரை அச்சுக்குப் போகணும்."

"நடந்துச்சு," என்றார் ஜுலைகா. "எப்போது?"

"இப்போ. உங்க கண்ணு முன்னாடி."

ஜுலைகா எழுந்து, செண்பகவல்லி கொண்டு வந்த மடிக்கணினியைத் திறந்து, வயிரவன் பக்கம் தள்ளி வைத்தார். விருதுநகரில் இன்று காலை வரை ஓடிக்கொண்டிருந்த நாரை அதில் இருந்தது.

*

வயிரவன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தமிழில் தன் பெயரையே கொடுத்தார். 'வயிரவன்' என்று ஒரு புள்ளி பிசகாமல் வந்து நின்றது.

"சரி, இதைச் சரி பண்ணியிருப்பாங்க," என்றார்.

எழுத்தை மாற்றிப் போட்டார். இப்படி ஒரு பெயரை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே என்று நாரை நின்றுவிட்டது. காலி இடத்தைக் கொடுத்தார். காலி என்று சொன்னது.

வயிரவன் பேச்சு குறைந்தது. கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பத்தியாக விரல் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக முயன்றார். ஒரு குறையும் வரவில்லை. நடுவில் செண்பகவல்லி மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

அவருக்கு வருத்தமாக இருந்தது. ஒரு பொருளில் குறை இல்லாமல் போனதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? வயிரவன் பட்டார். அத்தனை வருஷம் கட்டிக் காத்த கோபம். இப்போது கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நழுவினால் எப்படி இருக்கும்?

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. மார்க்கை முழுங்கிய அந்தக் குறை.

"இது போயிருக்காது," என்றார். குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது. போயிருக்கக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

காரைக்குடியில் எழுதிய அந்த நிரலை அவர் பார்த்து எழுத வேண்டியதே இல்லை. மனப்பாடம். வரி வரியாக அடித்தார். ஒரு பக்கம் கோப்பைத் திறந்தார். அதே கோப்பை மறுபக்கமும் திறந்தார்.

திரையில் ஒரு வரி வந்தது.

'இந்தக் கோப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது. காத்திருக்கிறீர்களா?'

வயிரவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இந்த ஒரு வரி வந்திருந்தால் போதும். ஒரு பெயர் வந்திருக்காது. பாயசம் குடித்திருப்பார். ஊரிலேயே இருந்திருப்பார்.

"ஓ, காரைக்குடிப் பூட்டு," என்றார் செண்பகவல்லி, காராச்சேவை மென்றுகொண்டே.

வயிரவன் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"இதுக்கு அதான் அண்ணாச்சி பேரு. நாரையில எழுதறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. முதல்ல கேட்டப்போ, திண்டுக்கல்ல பூட்டு செய்யற மாதிரி காரைக்குடியிலயும் செய்வாங்க போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஏன் அந்தப் பேரு?"

வயிரவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததை ஜுலைகா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

செண்பகவல்லி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ரொம்ப காலத்துக்கு முன்னால் காரைக்குடியிலிருந்து யாரோ ஒருத்தர் நாரைக்காரர்களுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார். திட்டு என்றால் அப்படித் திட்டு. ஆனால் திட்டி முடித்ததும், இந்தக் குறையை எப்படி வரவழைப்பது என்று ஒவ்வொரு படியாக, பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். அதுவரை நாலைந்து பேர் அதே புகாரைச் சொல்லியும் அவர்களுக்குப் பிடிபடவில்லையாம். இவர் எழுதினதைப் பார்த்து, ஒரே கோப்பை இரண்டு பேர் திறக்க முடியாதபடி அந்த மாதமே பூட்டுப் போட்டுவிட்டார்களாம். நன்றி சொல்லி அனுப்பின பதில் போய்ச் சேராமல் திரும்பி வந்துவிட்டதாம்.

"பேரு போடலையாம் அந்த மகராசன். ஊரை மட்டும் போட்டிருந்தாராம். அதான் ஊர்ப் பேரையே வச்சுட்டாங்க. எங்க ரத்த வங்கியில ஒரே நேரத்துல நாலு பேரு கணக்குப் போடறோம். இந்தப் பூட்டு இல்லைன்னா எந்தப் பை எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். அந்த ஆளை நான் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவேன்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிரவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான்," என்றார்.

செண்பகவல்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த காராச்சேவை அப்படியே மேஜையில் வைத்தார்.

வயிரவன் அழுதார். ஐம்பது வயசு மனுஷன், இரண்டு பெண்கள் முன்னால் உட்கார்ந்து, சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து அழுதார். சந்தோஷமா துக்கமா என்று கேட்டிருந்தால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

"பதினெட்டு வருஷம்," என்றார். "ஒருத்தர்கூட எங்கிட்டே சொல்லலையே ஆசிரியரம்மா."

"நீங்க எப்போ சார் கேட்டீங்க?"

குத்திக் காட்டுகிற மாதிரி ஜுலைகா கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்.

வயிரவன் தண்ணீரைக் குடித்தார். பிறகு கை நீட்டி, சாட்சியின் செருகியை இழுத்தார். மின்கலம் இல்லாத கணினி. உடனே இருண்டுவிட்டது.

கட்டுரைத் தாள்களை ஒன்றாகச் சேர்த்துக் கிழிக்கப் போனார். ஜுலைகா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு? பிழை இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. எப்போது இருந்த குறைன்னு ஒரு வரி சேருங்க. மீதியையும் எழுதுங்க. வர்ற இதழ்லயே போடறேன்."

மீதி என்று அவர் சொன்னது பூட்டை. வயிரவனுக்கு அது புரிந்தது. தேவகோட்டை அம்மான் அதைப் படிப்பார் என்று ஒரு கணம் தோன்றியது. படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்றும் தோன்றியது. பின்னால் தோன்றியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

செண்பகவல்லி தொண்டையைச் செருமினார்.

"இப்பவாவது என்னைப் பேச விடுவீங்களா அண்ணாச்சி? காலையிலேர்ந்து வாயைத் திறக்கிறேன், நீங்க மூடி வைக்கிறீங்க."

வயிரவன் தலையை ஆட்டினார்.

"கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க குறை எல்லாம் செத்துப் போச்சு. உயிரோட இருக்கிறது ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி ஒரு வரி இல்லை. நானும் நாரைக்காரங்களுக்கு எழுதிப் பார்த்துட்டேன். ஊர் முழுக்க இப்படிப் பழைய குறையையே சொல்லித் திட்டித் திட்டி, அவங்க இப்போ குறைன்னாலே காதைப் பொத்திக்கிறாங்க. என்னோடதும் அந்தக் கும்பலோட கும்பலாப் போயிடுச்சு."

"என்ன குறை?"

"உங்க பூட்டுலதான்."

வயிரவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதில் குறை வர வாய்ப்பே இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தும் விட்டார்.

மூடிக்கொண்டார்.

"சில சமயம் பூட்டிக்கிட்டா திறக்கவே மாட்டேங்குது," என்றார் செண்பகவல்லி. "உள்ளே ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, இருந்தாலும் காத்திருக்கிறீங்களான்னே கேட்டுக்கிட்டிருக்கும். போன மாசம் ஒரு பிரசவ கேஸ். அவசரமா ரத்தம் வேணும். கணக்கு திறக்கலை. நாங்க எல்லாரும் ஓடிப் போய் ஒவ்வொரு குளிர்பெட்டியா திறந்து, ஒவ்வொரு பையா எடுத்துப் பார்த்தோம். கிடைச்சுது, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அடுத்த தடவை என்ன ஆகும்?"

அவர் சொல்லி முடித்தார். முழுசாகச் சொல்லி முடித்தார்.

வயிரவன் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டார். கட்டுரைத் தாள்களைத் திருப்பி, எழுதாத பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தார். ஜுலைகாவின் மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை, கேட்காமலேயே, எடுத்துக்கொண்டார்.

"எப்போ?" என்று கேட்டார்.